அத்தியாயம் 7: கேள், ஒத்துப்பார், பிறகு நம்பு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் செயற்கை நுண்ணறிவு பிள்ளைகளின் கைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பல வீடுகளில் வகுப்புக்கென்று போன் வாங்கினார்கள். பாடசாலை திறந்த பிறகும் அந்தப் போன் பிள்ளையிடமே தங்கிவிட்டது. 2022 நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி வெளியானது. ஜெமினி போன்றவை அதன் பின்னால் வந்தன. 2024இல் கல்வி அமைச்சும் மைக்ரோசொப்ட் நிறுவனத்துடன் சேர்ந்து, தெரிந்தெடுத்த சில பாடசாலைகளில் செயற்கை நுண்ணறிவை ஒரு பாடமாக முன்னோடித் திட்டத்தில் தொடங்கியது. ஆகவே போனைப் பறித்து வைப்பதைப் பற்றி இந்த அத்தியாயம் பேசாது. பறித்தால் பிள்ளை ரியூசனில் நண்பனின் போனில் கேட்கும். அப்போது பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வந்த விடையைத் தானே சரிபார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கருவிமேல் பயமும் வராது, மயக்கமும் வராது. துணிவையும் சந்தேகத்தையும் தனித்தனியாகப் பழக்க வேண்டியதில்லை. சரிபார்க்கும் பழக்கம் வந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கும் அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். மீன்காரரில் கோபம் இல்லை, மீனிலும் பயம் இல்லை, பார்க்கத் தெரியும் என்பதுதான் காரணம். பிள்ளைக்கும் அந்தக் கை வரவேண்டும்.

கருவி என்ன செய்கிறது

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முன் நீங்கள் ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடி போன்ற கருவி, மனிதர் எழுதிய ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகிய ஒரு நிரல். இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே அது விடையை அமைக்கிறது. சில வேளைகளில் இணையத்தில் தேடியும் சொல்லும். ஆனால் அடிப்படையில் அது செய்வது, பொருத்தமாகத் தோன்றும் சொற்களைக் கோப்பதுதான். தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் அதன் குரல் ஒரே மாதிரி இருக்கும். பிள்ளைகள் ஏமாறும் இடம் அதுதான். தெரியாத ஆசிரியர் தடுமாறுவார், பிள்ளை கண்டுகொள்ளும். இந்தக் கருவி தடுமாறாது.

பெரியவர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். 2023இல் நியூயோர்க் நீதிமன்றமொன்றில் அவியங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சட்டத்தரணிகள் பழைய தீர்ப்புகள் சிலவற்றை மேற்கோள் காட்டினார்கள். அவற்றை எடுத்துக் கொடுத்தது சாட்ஜிபிடி. அப்படியான தீர்ப்புகள் எங்குமே இருக்கவில்லை. நீதிபதி 5,000 டொலர் அபராதம் விதித்தார். அந்தச் சட்டத்தரணிகளில் ஒருவர் "இந்த வழக்கு உண்மையானதா" என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டுமிருந்தார். உண்மை என்றே அது சொன்னது. இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சொன்னவரையே சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளையும் உடனே பிடித்துக்கொள்ளும்.

நமக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்து மிகக் குறைவு. அந்தத் தமிழிலும் இந்தியாவில் எழுதப்பட்டதே கூட. ஆகவே இலங்கையைப் பற்றி, அதிலும் நமது ஊர், கோயில், பாடசாலை பற்றித் தமிழில் கேட்கும்போது பிழைக்கு இடம் அதிகம்.

எந்த வயதில், யாருடன்

சாட்ஜிபிடியைப் பயன்படுத்த 13 வயது ஆகியிருக்க வேண்டும், 18க்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. 2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டலும் 13 வயதையே குறைந்த எல்லையாகப் பரிந்துரைத்தது. இந்த எல்லையை வைத்து வீட்டில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

புலமைப்பரிசில் வயதுவரை, அதாவது தரம் 5 வரை, பிள்ளைக்குத் தனிக் கணக்கு வேண்டாம். உங்கள் போனில், உங்கள் கணக்கில், நீங்கள் பக்கத்தில் இருந்து, பிள்ளை கேள்வியைச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். தரம் 6 முதல் 8 வரை பிள்ளை எழுதட்டும், நீங்கள் அதே அறையில் இருங்கள். 13 வயது தாண்டினால், உங்களுக்குத் தெரிந்த கணக்கில் தனியே பயன்படுத்தலாம். சாட்ஜிபிடியில் 2025 செப்டெம்பர் முதல் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி இருக்கிறது. பிள்ளையின் கணக்கை உங்கள் கணக்கோடு இணைத்து, பயன்படுத்தக் கூடாத நேரத்தைக் குறித்து வைக்கலாம். பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். பக்கத்தில் இருத்தி, ஏன் வைக்கிறோம் என்று சொல்லிச் செய்யுங்கள்.

முதல் பாடம்: உங்கள் தெருவைப் பற்றிக் கேளுங்கள்

பெரும்பாலான பிள்ளைகள் தமக்குத் தெரியாததைக் கேட்டே தொடங்குகிறார்கள். தெரியாததில் பிழை வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்ததில் தொடங்குங்கள்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை என்றால் பொன்னம்பலவாணேசர் கோயிலைப் பற்றிக் கேட்கட்டும். யார் தொடங்கியது, யார் கருங்கல்லால் கட்டியது, எந்த ஆண்டு? 1857இல் கோயிலைத் தொடங்கியவர் பொன்னம்பல முதலியார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கருங்கல்லால் எழுப்பியவர் அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இராமநாதனின் தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1919இல் தொடங்கிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். தந்தை ஒருவர், மக்கள் இருவருக்கும் ஒரே முதற்பெயர், இருவருக்கும் சேர் பட்டம். இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒருவர் செய்ததை மற்றவர் தலையில் ஏற்றிவிடும் வாய்ப்பு அதிகம். விடை வந்ததும் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும், பெரியவர்களிடம் கேட்கட்டும்.

வெள்ளவத்தைப் பிள்ளைக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்கம் நல்ல கேள்வி. 1942இல் தொடங்கிய சங்கம் அது. எப்போது தொடங்கியது, எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு, சங்கத்து நூலகத்துக்கே போய்ப் பார்க்கலாம்.

கொப்பியில் மூன்று நிரல் போடச் சொல்லுங்கள்: கருவி சொன்னது, நான் கண்டது, யார் சொல்லி அல்லது எந்தப் புத்தகத்தில் கண்டேன். விடை முழுக்கச் சரியாக இருந்தாலும் பயிற்சி வீண்போகாது. எதைச் சரியாகச் சொல்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே எழுதிவைத்திருக்கும். "கருவியை நம்பாதே" என்று நீங்கள் பத்துத் தரம் சொல்வதைவிட அந்த ஒரு பக்கம் பெறுமதி கூடியது.

ஒப்படையும் வீட்டுவேலையும்

இங்கே வீட்டுக்கு வீடு ஒரே விதி இருக்கட்டும்: முதலில் உன்னுடையது. கருவியைத் திறக்க முன் பிள்ளை தன் விடையை, அரைகுறையாக இருந்தாலும், கொப்பியில் எழுத வேண்டும். எழுதாமல் கேட்டால் வருகிற விடை எதுவும் சரியாகவே தெரியும். எழுதிவிட்டுக் கேட்டால், இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்க ஒரு பிடி இருக்கும்.

பெற்றோரின் பேச்சு இப்படிப் போகலாம்.

"அம்மா, இதில அப்பிடித்தான் கிடக்கு."

"சரி. நீ முதல்ல என்ன எழுதினனி? அதைக் காட்டு."

"நான் வேற எழுதினன்."

"அப்ப ரெண்டில எது சரியெண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பம்? பாடப் புத்தகத்தை எடு பாப்பம்."

விடையை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. விசயம் உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. சா/தவோடு படிப்பை நிறுத்திய தாயும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். பிள்ளைக்குத் தேவை அந்தக் கேள்விகள்தான்.

பாடத்துக்குப் பாடம் சரிபார்க்கும் வழி மாறும்.

கணிதத்தில் விடையைக் கணக்குக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பென்சிலும் இரண்டு கொப்பியும் 340 ரூபா, கொப்பி பென்சிலைவிட 80 ரூபா கூட என்றால் விலை என்ன? பென்சில் 60, கொப்பி 140 என்று விடை வந்தால், 60உம் 280உம் சேர்ந்து 340 வருகிறதா, 140க்கும் 60க்கும் வித்தியாசம் 80 தானா என்று பிள்ளையே பார்க்கட்டும். வழியை நீளமாக விளக்குகிறது என்பதற்காக விடை சரியாகிவிடாது.

வரலாற்றில் பெயரும் ஆண்டும் இடமும் வரும் ஒவ்வொரு வசனத்துக்கும் வெளிச்சாட்சி வேண்டும். முதல் சாட்சி பாடநூல். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் இருக்கிறது. இலங்கைத் தமிழர் தொடர்பான செய்தி என்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் நமது நூல்களையும் சஞ்சிகைகளையும் பழைய பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். கருவி ஒரு நூலின் பெயரைச் சொன்னால், அந்த நூல் இருக்கிறதா என்று முதலில் அங்கே தேடட்டும்.

தமிழ்க் கட்டுரையில் கருவியை எழுதவிடாதீர்கள். "நான் கண்ட திருவிழா" என்று கேட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு திருவிழாவை அது எழுதித்தரும். செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே ஆடிவேல் இரதம் வரும்போது தெருவோரம் நின்று பார்த்த பிள்ளைக்கு மட்டும் தெரிந்தவை இருக்கின்றன: யாருடைய தோளில் இருந்து பார்த்தது, எந்தக் கடையடியில் நின்றது, என்ன வாங்கித் தந்தார்கள். அதைப் பிள்ளை எழுதட்டும். எழுதி முடித்த பிறகு, "எந்த இடம் விளங்கவில்லை, என்ன கேள்வி எழுகிறது" என்று கருவியிடம் கேட்கலாம். திருத்தத்தைப் பிள்ளையே செய்யட்டும்.

விஞ்ஞானத்தில் பரீட்சைத் தமிழைக் கவனிக்க வேண்டும். கருவி பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கலைச்சொற்களைத் தரும். ஒளிச்சேர்க்கை, தனிமம், கார்பன் டை ஆக்சைடு என்று அது எழுதும்போது, நமது பாடநூலில் ஒளித்தொகுப்பு, மூலகம், காபனீரொட்சைட்டு என்று இருக்கிறது. சா/த விடைத்தாளில் எழுத வேண்டியது பாடநூலின் சொல். "இலங்கைத் தமிழ்மூலப் பாடநூலின் கலைச்சொற்களில் சொல்" என்று கேள்வியிலேயே சேர்த்துக் கேட்கலாம். அப்போதும் பாடநூலின் சொல்லோடு ஒத்துப்பார்க்காமல் விடக் கூடாது.

ஆங்கில மூலத்தில் படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் வேறொன்று வரும். அமெரிக்கப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற விடை வந்துவிடும். தரத்தையும் பாடத்திட்டத்தையும் கேள்வியில் சொல்லப் பழக்குங்கள்.

துணிவாகப் பயன்படுத்தக்கூடிய இடங்கள்

எச்சரிக்கை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை கருவியைக் களவாகப் பயன்படுத்தும். ஆகவே நன்மை தரும் இடங்களை நீங்களே திறந்து காட்டுங்கள்.

கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டாம் மொழிப் பயிற்சி பெரிய வரம். தமிழ்மூலப் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் எழுத்தளவில் நின்றுவிடுகிறது, ஆங்கிலம் பேச வெட்கம் தடுக்கிறது. கருவியோடு பேசிப் பார்க்கலாம். "நீ பஸ் நடத்துநர், நான் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகவேண்டும், சிங்களத்தில் பேசு, என் பிழையைத் தமிழில் விளக்கு" என்று கேட்டால் அது எத்தனை தரமும் சலிக்காமல் பேசும். சிரிக்கமாட்டாது. பிறகு பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரியோடு பிள்ளை பேசிப் பார்க்கட்டும். கருவி சொல்லிக் கொடுத்தது தெருப்பேச்சுக்குப் பொருந்துகிறதா என்பது அங்கே தெரியும்.

கடந்தகால வினாத்தாளை வைத்துக்கொண்டு, "விடையைச் சொல்லாதே, ஒவ்வொரு படியாக என்னிடம் கேள்வி கேள்" என்று சொல்லலாம். விளங்காத பாடத்தை மூன்று விதமாக விளக்கச் சொல்லலாம். கருவியோடு வாதாடவும் பழக்குங்கள். "இதற்கு எதிர்க்கருத்து என்ன" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை விவாத மேடையிலும் நிமிர்ந்து நிற்கும்.

கொடுக்கக் கூடாதவை

பிள்ளை கருவியில் எழுதுவது இன்னொருவருடைய கணினியில் சேர்கிறது. முழுப்பெயர், வீட்டு விலாசம், பாடசாலைப் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண், வீட்டுக் கணக்குவழக்கு, நோய் விபரம், சீருடையோடு எடுத்த படம் ஆகிய எதையும் கொடுக்கக் கூடாது. வினாத்தாளைப் படமெடுத்துப் போடும்போது சுட்டெண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டுப் போடப் பழக்குங்கள். நண்பரின் தனிப்பட்ட கதையும் இந்தப் பட்டியலில் சேரும், அது பிள்ளையின் சொத்து அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. நாட்டின் சட்டமே அவ்வளவு கவனமாக வைத்திருப்பதை வீடு மலிவாகக் கொடுத்துவிடக் கூடாது.

படமும் குரலும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனையில் இருந்தவர்களுக்கு அந்த நாட்களைச் சொல்லத் தேவையில்லை. துயரத்தோடு வதந்தியும் பரவியது. பொய்ச் செய்தி பரவுவதைத் தடுக்கவென்று அரசு சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. அப்போது இந்தக் கருவிகள் பிள்ளைகள் கையில் இருக்கவில்லை. இன்று, நடக்காத ஒன்றை நடந்ததுபோல் காட்டும் படமும், சொல்லாததைச் சொன்னதுபோல் ஒலிக்கும் குரலும் ஒரு போனிலேயே செய்யலாம். பல இனங்களும் மதங்களும் அடுத்தடுத்து வாழும் நமது தெருக்களில் ஒரு பொய்ப் படம் செய்யக்கூடிய கேடு சிறியதல்ல.

ஆகவே வீட்டில் ஒரு கட்டுப்பாடு: கோபம் அல்லது பயம் வரவைக்கும் படமோ ஓடியோவோ வந்தால், அதை யாருக்கும் அனுப்ப முன் மூன்று கேள்விகள். முதலில் போட்டவர் யார்? எங்கே, எப்போது எடுத்தது? நம்பத்தக்க செய்தி நிறுவனம் ஏதாவது இதைச் சொல்லியிருக்கிறதா? விடை தெரியாவிட்டால் அனுப்புவதில்லை. இது அப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் சேர்த்துத்தான். பெரியவர்கள் குடும்பக் குழுமத்தில் கண்டதையும் அனுப்பிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குச் சொல்லும் பாடம் நிற்காது.

வகுப்புத் தோழியின் முகத்தை வைத்துப் படம் செய்வது விளையாட்டல்ல என்பதை ஆண்பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையின் படத்தை யாராவது அப்படிச் செய்திருந்தால் முதலில் பிள்ளையைத் திட்டாதீர்கள். படத்தை அழிக்காமல் ஆதாரமாக வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

மனக்குறை சொல்லும் இடம்

புலமைப்பரிசில் புள்ளி குறைந்த பிள்ளை, நண்பர்கள் ஒதுக்கிய பிள்ளை, வீட்டில் பேச ஆள் இல்லாத பிள்ளை இரவில் கருவியிடம் மனம்விட்டு எழுதத் தொடங்கும். அது இனிமையாகப் பதில் சொல்லும். ஆனால் பிள்ளை சாப்பிடவில்லை என்பது அதற்குத் தெரியாது, கதவைத் தட்டி உள்ளே வரவும் அதனால் முடியாது. பிள்ளையைக் குற்றம் சாட்டாமல் விசாரியுங்கள்: "அதிட்டச் சொன்னதை எனக்கும் சொல்லு ராசா. நான் பேசமாட்டன்." சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். இரவில் போன் பிள்ளையின் அறையில் இல்லாமல் ஹோலில் சார்ஜ் ஆகட்டும். பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால் அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம்: தெருவைப் பற்றிய கேள்விகள். மூன்று நிரல் போட்ட கொப்பி தொடங்குதல். ஒரு நாளுக்கு ஒரு கேள்வி போதும்.

இரண்டாம் வாரம்: வரலாற்றிலோ விஞ்ஞானத்திலோ ஒரு பாடம். பிள்ளை தன் விடையை எழுதி, கருவியிடம் கேட்டு, பாடநூலோடு ஒத்துப்பார்த்து, வேறுபாடுகளைச் சிவப்புப் பேனையால் குறிக்கும்.

மூன்றாம் வாரம்: ஒரே கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டல். விடைகள் ஒன்றா, எது கூடச் சொல்கிறது, எது பிழைக்கிறது என்று எழுதுதல். அக்கா, தம்பி சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

நான்காம் வாரம்: பிள்ளை உங்களுக்குப் படிப்பிக்கும் வாரம். தான் கண்ட ஒரு பிழையை, அது பிழை என்று எப்படிக் கண்டுபிடித்தது என்பதை, சாப்பாட்டு மேசையில் விளக்கிச் சொல்லட்டும். நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள்.

பயிற்சி பிடித்துவிட்டதா என்பதற்குப் பரீட்சைப் புள்ளி அளவுகோல் அல்ல. "இது உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்கும்போது பிள்ளை போனைக் காட்டுகிறதா, புத்தகத்தையும் ஆளையும் இடத்தையும் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் அதே கேள்வியை உங்களிடம் திருப்பிக் கேட்டால் மகிழுங்கள், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். கருவியிடமும் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் மரியாதையோடு சாட்சி கேட்கத் தெரிந்த பிள்ளை, நாளை வரப்போகும் எந்தக் கருவியையும் துணிந்து திறக்கலாம்.